தீவகத்தின் காற்றும் தீவக மக்களின் சம்மதமும்

 

டீசலையும் நிலக்கரியையும் மெல்ல மெல்லக் கைவிட்டு, காற்றையும் வெயிலையும் நம்பி வாழ்வதற்கு உலகம் முழுவதும் எத்தனித்துக்கொண்டிருக்கின்ற இக்காலத்தில், அந்த மாற்றம் யாழ்ப்பாணத்துத் தீவுகளான நம்முடைய தீவகத்துக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது, அதைத் தீர்மானித்தவர்கள் யார், இனிமேல் தீர்மானிக்க வேண்டியவர்கள் யார் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இது மின்சாரத்தைப் பற்றிய பேச்சு. ஆனால் யந்திரங்களைக் காட்டிலும் மனிதர்களைப் பற்றியே அதிகம் பேசப் போகிறேன்.

தீவகம் என்று நாம் ஒரே சொல்லால் அழைத்தாலும், மின்சாரத்தைப் பொறுத்தவரையில் இது நெடுங்காலமாக இரண்டு தேசங்களாகவே இருந்துவந்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைக் கடலைத் தாண்டி வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு வரைக்கும் வருகின்ற மின்கம்பி, குறிகட்டுவான் இறங்குதுறைப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பாலுள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய தீவுகளில் விளக்கு எரிய வேண்டுமானால், டீசல் வள்ளத்தில் ஏற வேண்டும். கடல் கடக்க வேண்டும். மின்சார சபையின் ஜெனரேற்றரில் எரிய வேண்டும். கடல் கொந்தளித்தால் வள்ளம் இல்லை. வள்ளம் இல்லையேல் பிரயாணம் இல்லை, மருந்து இல்லை, எண்ணெயும் இல்லை. உற்பத்திக்கு ஆகும் செலவோ, நாம் கட்டுகின்ற பட்டியலைப் பார்க்கிலும் எத்தனையோ மடங்கு அதிகம். அந்த நட்டத்தை மின்சார சபையே சுமந்து வந்திருக்கிறது. ஆகவே, தலைக்கு மேலே ஓயாமல் வீசுகின்ற சோளகக் காற்றையும் வாடைக் காற்றையும், ஆண்டில் பெரும்பகுதி எரிக்கின்ற வெயிலையும் மின்சாரமாக்கிக் கொள்வது இத்தீவுகளுக்கு நாகரிக ஆசையினால் வந்த விருப்பமன்று; ஜீவாதாரமான தேவை. எழுவைதீவிலே ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு ஒரு சிறிய கலப்பு மின்நிலையம் முன்னரே நிறுவப்பட்டுவிட்டது. காற்றாடியும் சூரியத் தகடும் பற்றரியும் ஜெனரேற்றரும் ஒன்றாக வேலை செய்யும் அந்த ஏற்பாடே மற்றத் தீவுகளுக்கும் வழிகாட்டியாயிற்று.

அந்த மற்றத் தீவுகளின் கதையைத்தான் நீங்கள் பத்திரிகைகளிலே படித்தீர்கள். 2021ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு கோரப்பட்ட கேள்விப்பத்திரத்தின் பேரில், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் கலப்பு மின்நிலையங்களை அமைக்கும் வேலையைச் சீனக் கம்பெனிகளின் கூட்டு ஒன்றுக்கு வழங்க இலங்கை அமைச்சரவை அனுமதி கொடுத்தது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தூரத்திலே சீனத்தின் கை நீளுவதை இந்தியா விரும்பவில்லை, ஆட்சேபம் தெரிவித்தது. அந்த ஆண்டு டிசம்பர் மாதத்தில், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலை காரணமாக வேலை நிறுத்தப்படுவதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. கம்பெனி மாலைதீவுக்குப் போயிற்று. 2022 மார்ச் மாத இறுதியில், இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பில் இருந்த நாட்களில், அதே வேலையை இந்திய நன்கொடையிலே செய்வதற்குப் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாகியது. 2024 மார்ச் 1ஆம் திகதி, இலங்கை நிலைபெறுதகு வலு அதிகார சபைக்கும் பெங்களூரைச் சேர்ந்த யு சோலார் கம்பெனிக்கும் ஒப்பந்தம் நிறைவேறியது. மூன்று தீவுகளுக்கும் சேர்த்துக் காற்றாடிகள் 530 கிலோவாற்று, சூரியத் தகடுகள் 1700 கிலோவாற்று, பற்றரிகள் 2400 கிலோவாற்று மணி, அவசரத்துக்கு டீசல் ஜெனரேற்றர்கள் 2500 கிலோவாற்று. இந்த நான்கு இலக்கங்களையும் தயவுசெய்து மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அவற்றிடம் திரும்பி வருவேன்.

கொழும்பு பேசிற்று. பீஜிங் பேசிற்று. புதுடில்லி பேசிற்று. நெடுந்தீவு பேசிற்றா? நயினாதீவு பேசிற்றா? அனலைதீவு பேசிற்றா? மூன்று ஆண்டுகளாகப் பெரிய ராஜ்யங்களின் நாவிலே இத்தீவுகளின் பெயர் உருண்டது. ஆனால் எந்தத் தலைமேல் அந்தக் காற்றாடி சுழலப் போகிறதோ, எந்த வீட்டுக்குள் அந்த மின்சாரம் நுழையப் போகிறதோ, அந்த வீட்டுக்காரரின் அபிப்பிராயம் என்னவென்று கேட்ட ஒரு தலைப்புச் செய்தியை நான் காணவில்லை. நிலத்தை அளக்கவும் சுற்றாடல் அறிக்கை எழுதவும் வந்த அதிகாரிகள் சிலரைக் கண்டு பேசியிருக்கலாம். நான் கேட்பது அதையன்று. ஊரால் தெரிந்தெடுக்கப்பட்ட சபையொன்று, ஊரார் முன்னிலையிலே கூடி, இத்திட்டத்தை எடுத்துப் படித்து, இன்னது வேண்டும் இன்னது வேண்டாம் என்று தீர்மானிக்கும் சந்தர்ப்பம் கிடைத்ததா என்பதே என் கேள்வி.

அந்தச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை என்பதற்கு நாட்காட்டியே சாட்சி. வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்ரோபரிலே முடிந்தது. அதன் பின்பு தேர்தல் நடத்தப்படவில்லை. பிரதேச சபைகளின் ஆயுள் 2023 மார்ச்சிலே முடிந்தது. அந்த மார்ச் மாதம் 9ஆம் திகதி நடந்திருக்க வேண்டிய தேர்தல், பணமில்லை என்று தள்ளிப் போடப்பட்டது. தேர்தலை நடத்தாமல் விட்டது பிரஜைகளின் அடிப்படை உரிமையை மீறிய செயலென்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ற் மாதத்தில் தீர்ப்பளித்தது. அதே ஓகஸ்ற் மாதத்திலேதான் மின்திட்டத்துக்கான முதற் கட்டப் பணத்தை இந்தியா கையளித்தது. ஈற்றில் 2025 மே 6ஆம் திகதியே நாம் வாக்களித்தோம். ஆகவே அன்பர்களே, தீவகத்தின் மின்சாரத்தை மாற்றியமைக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தான 2024 மார்ச் 1ஆம் திகதியன்று, மாகாணத்திலும் தெரிந்தெடுக்கப்பட்ட சபை இல்லை, பிரதேசத்திலும் இல்லை. செயலாளர்கள் அலுவலகங்களை நடத்தினார்கள். அவர்கள் தம் கடமையைச் செய்தார்கள். ஆனால் அவர்கள் நம் பிரதிநிதிகள் அல்லர்.

நான் எந்த அரசாங்கத்தையும் பழிக்க வரவில்லை. கொடுத்த தேசத்துக்கு நன்றி சொல்லுவது நம் பண்பாடு. இந்த மின்சாரம் வரவேண்டும், விரைவாக வரவேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்புகிறவர்களுள் நானும் ஒருவன். "கிடைத்ததை வாங்கிக்கொள்ளாமல், யாரைக் கேட்டீர்கள் என்று வாதாடுவது எதற்கு? யந்திரத்துக்கும் ஜனநாயகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு அந்த நான்கு இலக்கங்களே பதில் சொல்லும்.

சூரியத் தகடுகள் 1700 கிலோவாற்று. பற்றரிகளோ 2400 கிலோவாற்று மணி. நல்ல வெயில் அடிக்கும் நண்பகலிலே தகடுகள் முழு வேகத்தில் வேலை செய்தால், வெறுமையான பற்றரிகள் ஒன்றரை மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். அதற்குமேல் வருகிற வெயிலை என்ன செய்வது? அப்பொழுதே, அந்த நேரத்திலேயே, யாராவது பிரயோசனப்படுத்தினால் உண்டு; இல்லையேல் அது வீண். இரவுக்கோ, நிரம்பிய பற்றரியிலிருப்பது 2400 அலகு. மூன்று தீவுகளிலுமுள்ள குடும்பங்களுக்குப் பங்கிட்டால், வீட்டுக்கு ஓர் அலகு தேறுமோ தேறாதோ. ஓர் அலகென்பது என்ன? ஒரு சாதாரண மின்னழுத்தியை ஒரு மணி நேரம் போட்டுவைத்தால் போய்விடுகிற சக்தி. மாலை ஆறரை மணிக்கு எல்லா வீட்டிலும் மோட்டரும் அழுத்தியும் கேத்திலும் ஒருங்கே ஓடினால், காற்று வீசாத இரவிலே பற்றரி நெடுநேரம் தாங்காது. தாங்காவிட்டால் என்ன நடக்கும்? இருள் வராது. 2500 கிலோவாற்று டீசல் காத்துக்கொண்டிருக்கிறது. பழைய ஜெனரேற்றரின் இடத்திலே புதிய ஜெனரேற்றர் புகை கக்கும். காற்றாடி மேலே அலங்காரமாகச் சுழலும். திறப்பு விழாக் கல்வெட்டு சுவரில் இருக்கும். வள்ளத்திலே முன்போலவே எண்ணெய் வரும்.

பெருந்தேசத்து மின்வலையிலே ஒருவன் எவ்வளவு எடுத்தாலும் அடுத்த வீட்டுக்காரன் அறியான். சிறு தீவின் மின்வலையோ கோடை காலத்து ஊர்ப் பொதுக்கிணற்றைப் போன்றது. ஒருவன் விடியற்காலையிலே ஐம்பது வாளி அள்ளினால், பின்னால் வருகிறவளுக்குச் சேறுதான் மிச்சம். நெடுந்தீவிலே சாராப்பிட்டிக் கிணறுகளை நம்பி வாழ்ந்த சனங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எந்த நேரத்தில் எந்த வேலைக்கு மின்சாரம், யாருக்கு முதலிடம் என்ற கட்டுப்பாட்டை ஊர் தானே இயற்றிக் கொள்ளாவிட்டால் இந்த யந்திரம் அதன் கருத்துப்படி ஓடாது. ஆகையினாலே ஊராரின் சம்மதம் இத்திட்டத்துக்கு வெளியே நிற்கும் சம்பிரதாயமன்று. காற்றாடியின் அச்சைப்போல அதன் உள்ளுறுப்பு.

இதைச் செய்து காட்டிய ஊர் ஒன்று உண்டு. ஸ்கொத்லாந்தின் மேற்குக் கடலிலே எய்க் என்றொரு சிறு தீவு. ஏறத்தாழ நூறு பேர் வாழ்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தனிப்பட்ட நிலச்சுவான்தார்களின் சொத்தாக இருந்த அத்தீவை, 1997ஆம் ஆண்டிலே குடியிருப்போரே நிதி திரட்டி, ஒரு பொது நம்பிக்கைப் பொறுப்பின் மூலம் விலைக்கு வாங்கினார்கள். அங்கும் நம் தீவுகளைப்போலத் தேசிய மின்கம்பி இல்லை. வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்தது. 2008 பெப்ரவரியிலே தண்ணீர், காற்று, வெயில் மூன்றையும் இணைத்துத் தங்களுக்கென ஒரு மின்வலையை அமைத்தார்கள். அங்கே மின்சாரத்தைவிட எனக்கு வியப்பைத் தருவது, அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விதி. ஒரு வீடு எந்த நேரத்திலும் 5 கிலோவாற்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒரு தொழிற்சாலையோ கடையோ 10 கிலோவாற்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. பணக்காரனுக்கும் அதே எல்லை. ஏழைக்கும் அதே எல்லை. மீறினால் இணைப்பு அறுந்துவிடும். காற்றும் மழையும் பெருகி மின்சாரம் மிஞ்சினால், அது ஊர் மண்டபத்தையும் தேவாலயத்தையும் சூடாக்கப் பயன்படுகிறது. பழுது பார்க்கிறவர்களும் ஊரிலே பயிற்றப்பட்டவர்களே. இந்த விதியை வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்து எழுதியிருந்தால், முதல் மாதத்திலேயே யாராவது கள்ளமாய் ஒரு கம்பி இழுத்திருப்பார்கள். ஊர் கூடி எழுதியபடியால் நின்றது.

எய்க் தூரம் என்கிறீர்களா? நம்முடைய நாட்டுக்குள்ளேயே வாருங்கள். இரத்தினபுரி, கேகாலை மலைப்பக்கங்களிலே, தேசிய மின்வலை எட்டாத சிங்களக் கிராமங்களில், 1990களிலிருந்து நூற்றுக்கணக்கான சிறு நீர்மின் நிலையங்கள் எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மின் பாவனையாளர் சங்கம். ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டச் சிரமதானம் செய்தவர்கள் கிராமத்தவர். கம்பத்துக்கு மரம் கொடுத்தவர்கள் கிராமத்தவர். கடனைப் பொறுப்பேற்று மாதா மாதம் கட்டியவர்கள் கிராமத்தவர். வீட்டுக்குச் சில நூறு வாற்று மாத்திரமே கிடைத்தது. அந்தச் சொற்பத்தைச் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்ள அவர்கள் மாதாந்தக் கூட்டம் நடத்தினார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அழுத்தி போடக் கூடாது என்று தங்களுக்குள்ளே கட்டுப்பாடு செய்தார்கள். பிற்காலத்தில் தேசிய மின்கம்பி வந்தபோது இவற்றுட் பல கைவிடப்பட்டன. அது வேறு கதை, வருத்தமான கதை. ஆனால் படிப்பு அதிகமில்லாத விவசாயிகளாலும், பொறியியலாளர் பட்டம் பெறாத தாய்மார்களாலும் ஒரு மின்நிலையத்தை ஆண்டுக்கணக்கில் நிர்வகிக்க முடியும் என்பதை இந்த நாட்டிலேயே, நம்முடைய அயலவர்களே நிரூபித்துவிட்டார்கள். தமிழ்நாட்டிலே கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறைப் பஞ்சாயத்தை எடுத்தாலும் அப்படித்தான்: 2006ஆம் ஆண்டிலே ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு, பெரும்பகுதி வங்கிக் கடனாக, 350 கிலோவாற்றுக் காற்றாடியொன்றைப் பஞ்சாயத்தே வாங்கி, மின்சாரத்தை மாநில வாரியத்துக்கு விற்றது.

இனி, கேளாமற் செய்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம். நமக்குத் தெற்கே மன்னார்த் தீவு. 2020 டிசம்பரிலே அங்கே 30 காற்றாடிகளோடு, 103.5 மெகாவாற்று வலுவுடன் 'தம்பபவனி' திறக்கப்பட்டது. பசுமையான மின்சாரம், யார் குறை சொல்லுவார்? மன்னார் மக்களே சொன்னார்கள். மழைநீர் வழிந்தோடும் பாதை அடைபட்டு வெள்ளம் நிற்கிறது என்றார்கள். மீன்பாடு குறைகிறது என்றார்கள். வலசை வரும் பறவைகளின் வழியிலே இரும்புக் கோபுரங்கள் நிற்கின்றன என்று சுற்றாடல் அறிஞர்கள் சொன்னார்கள். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக்குத் திட்டமிட்டிருந்த அதானி கம்பெனி, வழக்குகளும் விலைத் தகராறும் சூழ்ந்த நிலையில் 2025 பெப்ரவரியில் விலகியது. மேலும் காற்றாடிகள் வரப்போகின்றன என்றபோது, அந்த ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். ஒரு மாத காலம் வேலையை நிறுத்திவைக்க ஜனாதிபதியே உத்தரவிட நேர்ந்தது. அவர்கள் சொன்ன ஒவ்வொரு குற்றச்சாட்டும் விஞ்ஞான ரீதியாகச் சரியா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. முதற் கம்பம் நாட்டுமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை முப்பதாவது கம்பத்துக்குப் பிறகு கேட்டால், பதில் வீதியிலிருந்துதான் வரும்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை நினைத்துப் பாருங்கள். குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர 2010ஆம் ஆண்டிலே திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. கிளிநொச்சிக் கமக்காரர், "எங்கள் வயலுக்கே போதாத தண்ணீரை எப்படித் தருவது?" என்று மறுத்தார்கள். பின்பு கடல்நீரை நன்னீராக்கத் தாளையடியிலே நிலையம் என்றார்கள். கழிவு உப்புநீர் மீன்வளத்தைக் கெடுக்குமே என்று கடற்றொழிலாளர் அஞ்சினார்கள். ஈற்றில் 2024 ஓகஸ்ற் மாதத்திலேயே அந்நிலையம் திறக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுகள்! கமக்காரரையும் கடற்றொழிலாளரையும் முதலாண்டிலேயே ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்திருந்தால், அவற்றுட் சில ஆண்டுகளாவது மிஞ்சியிருக்கும். மக்களைக் கேட்டால் வேலை தாமதமாகும் என்று சொல்லுகிற அதிகாரிகளுக்கு, நான் இரணைமடுவைத்தான் காட்டுவேன்.

பழைய எண்ணெய் யுகத்துக்குத் திரும்புவோமே என்று யாராவது நினைத்தால், சுன்னாகத்துக்குப் போய் வாருங்கள். அங்கிருந்த டீசல் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளிலே மிதந்தது. வலிகாமத்துத் தாய்மார் குடத்தோடு தெருவில் நின்றார்கள். பொதுநல வழக்குத் தொடரப்பட்டு, 2019 ஏப்ரலிலே உயர் நீதிமன்றம் அந்த மின்நிலையக் கம்பெனி 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சுண்ணாம்புக் கல்லின் மேல் வாழ்கிற நமக்கு, நிலத்திலே சிந்துகிற ஒவ்வொரு துளி எண்ணெயும் நாளைக்குக் குடிநீரில் எழும். ஆகவே மாற்றம் வேண்டும். அதில் இரண்டு பேச்சில்லை.

அப்படியானால் நாம் எதைப் பேச வேண்டும்? நான் ஒன்றை மட்டும் சற்று விரிவாக எடுத்துச் சொல்லுகிறேன், ஏனெனில் அது தீவகத்தின் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் செல்லுகிற விஷயம். நண்பகலிலே மிஞ்சுகிற வெயிலைப் பற்றிச் சொன்னேன். நம்முடைய கடற்றொழிலாளர் பிடித்த மீனைக் காப்பாற்ற ஐஸுக்கு அலைகிறார்கள். ஐஸ் பெட்டி பெருங்கரையிலிருந்து லொறியேறி, குறிகட்டுவானிலே இறங்கி, வள்ளத்தில் மாறி, தீவுக்கு வந்து சேருமுன் ஒரு பகுதி தண்ணீராகிவிடுகிறது. மிஞ்சிய வெயிலிலே, பகல் பதினொரு மணி முதல் இரண்டரை மணி வரை மாத்திரம் ஓடுகிற ஒரு சிறு ஐஸ் ஆலையைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் வைத்து நடத்தினால் எப்படி இருக்கும்? வெயிலைச் சேமிக்க விலையுயர்ந்த பற்றரி வேண்டாம். ஐஸ் கட்டியே சேமிப்பு. குடிநீர் சுத்திகரிக்கும் யந்திரத்தையும் தண்ணீர் இறைக்கும் மோட்டரையும் அரிசி, மிளகாய் அரைக்கும் ஆலையையும் அதே நேரத்துக்கு மாற்றினால், மாலைப் பற்றரி விளக்குக்கும் விசிறிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் மிஞ்சும். இதற்குப் புதிய யந்திரம் வேண்டியது கொஞ்சம். உடன்பாடு வேண்டியது அதிகம். ஐஸ் ஆலையை எந்த நேரத்தில் ஓட்டுவதென்று பெங்களூர்ப் பொறியியலாளர் சொல்ல முடியாது. வலை எப்பொழுது கரைக்கு வரும் என்று அறிந்தவன் சொல்ல வேண்டும்.

காற்றைப் பற்றிய அறிவும் அப்படியே. நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்து ஆனித் திருவிழாவின்போது தீவு கொள்ளாத சனம் வருகிறது. அமுதசுரபி அன்னதான மண்டபத்திலே அடுப்பு அணைவதில்லை. மின்சாரத் தேவை பன்மடங்காகிறது. நல்வினைப் பயனாக, அதே காலத்திலேதான் சோளகம் பலமாக வீசுகிறது. வாடைக்கும் சோளகத்துக்கும் இடையிலே காற்று விழுந்து கடல் எண்ணெய்போலக் கிடக்கிற வாரங்களிலேதான் நெருக்கடி வரும். எந்த வாரங்களில் என்பதைப் படகோட்டி அறிவான். அவனுடைய வாயிலிருந்து அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளக் குழுவொன்று வேண்டாமா? நெடுந்தீவிலே கால்நடைகளும் குதிரைகளும் மேய்கிற வெளியிலே எந்தத் துண்டை வேலியடைக்கலாம், எதை அடைத்தால் தண்ணீர்க் குண்டுக்குப் போகும் வழி மறிபடும் என்பதை மேய்ப்பவனையன்றி யார் சொல்லுவார்?

"நல்லது, ஆனால் நம்முடைய ஊர்கள் ஒன்றுபடுமா?" என்று நீங்கள் உள்ளுக்குள்ளே கேட்பது எனக்குத் தெரிகிறது. 1990ஆம் ஆண்டு தொடங்கிய இடப்பெயர்வினாலே பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கட்சிப் பிரிவு உண்டு. சாதிப் பிரிவும் உண்டு, மறைத்துப் பயனில்லை. ஊர்க் கூட்டம் என்றால் முன் வரிசையிலே நாலு பேர் பேச, பின்னால் நிற்பவர்கள் தலையாட்டிவிட்டுப் போகிற வழக்கமும் உண்டு. அந்த வழக்கத்தோடு மின்சாரக் குழு அமைத்தால், நான் கேட்கிற ஜனநாயகம் வராது. பழைய பெரிய மனிதர்களின் கையிலே புதிய ஆளி வரும். ஆதலால் குழுவின் அங்கத்துவத்திலேயே நீதி இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் உள்ளூராட்சி சபைகளில் நாலிலொரு பங்கு பெண்களுக்கென்று ஒதுக்கியது. மின்சாரக் குழுவிலே அரைப் பங்கு ஒதுக்கினாலும் நியாயமே, ஏனெனில் வீட்டிலே எந்தச் சுவிற்சை எப்பொழுது போடுவது என்று தீர்மானிக்கிறவர்கள் அவர்கள். காணியில்லாதவர்களும், கூலி வேலை செய்வோரும், தனித்து வாழும் முதியவர்களும் அதில் இருக்க வேண்டும். கூட்டம் அவர்கள் வரக்கூடிய நேரத்தில், அவர்கள் தயக்கமின்றி நுழையக்கூடிய இடத்தில் நடக்க வேண்டும்.

நாம் ஒன்றுபட்டே பழக்கமில்லாதவர்களும் அல்லர். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கிற கடற்பாதையை இன்றைக்கும் ஏன் வாணர் பாலம் என்று அழைக்கிறோம்? அரசாங்கம் தானாக நினைத்துப் போட்ட பாதையன்று. வாணர் சகோதரர்களும் அவர்களோடு ஊரவர்களும் ஆண்டுக்கணக்காய் விண்ணப்பித்து, அலைந்து, வாதாடிப் பெற்ற பாதை. இன்றைக்கு ரொறன்ரோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் நம் ஒவ்வொரு ஊருக்கும் சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கங்கள் கோயிற் கோபுரத்துக்கும் பாடசாலை மண்டபத்துக்கும் மனமுவந்து கொடுக்கின்றன, வாழ்க. இனி அவர்களிடம் ஐஸ் ஆலைக்கும், தீவுக்குள்ளேயே பற்றரியும் காற்றாடியும் பழுது பார்க்கக் கற்கிற பிள்ளைகளின் பயிற்சிச் செலவுக்கும் கேட்போம். ஆனால் ஒரு நிபந்தனையோடு கேட்போம்: பணம் அங்கிருந்து வரலாம், தீர்மானம் இங்கே, இரவில் அந்த விளக்கின் கீழே இருக்கப் போகிறவர்களால் எடுக்கப்பட வேண்டும்.

அதிகாரம் இல்லையே என்று நம்முடைய சபை அங்கத்தவர்கள் சொல்லக்கூடும். மின்சாரம் கொழும்பின் விஷயம் என்பது மெய்தான். ஆனால் 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், சபை அங்கத்தவர்களோடு ஊரவர்களையும் சேர்த்துக் குழுக்கள் அமைக்க இடந்தருகிறது. தெருவிளக்கு சபையின் கையில் இருக்கிறது. கிராமத்துப் பாதை சபையின் கையில் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. ஒரு பிரஜை விண்ணப்பித்தால், தகவலைத் தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அதிகாரி தீர்மானித்தாக வேண்டும். இத்தனை சாதனங்களைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரமில்லை என்று சொல்லலாமா?

ஒரு சிக்கலை மாத்திரம் நாம் தாண்ட வேண்டும். மூன்று தீவுகளும் மூன்று சபைகளின் கீழ் இருக்கின்றன: நெடுந்தீவுக்குத் தனிப் பிரதேச சபை, நயினாதீவு வேலணைப் பிரதேச சபைக்குள், அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறைப் பிரதேச சபைக்குள். தனித்தனியே மூன்று கடிதம் எழுதினால், மூன்றும் மூன்று கோப்பிலே உறங்கும். ஆகவே இன்று இம்மண்டபத்தில் இருக்கும் மூன்று சபைகளின் அங்கத்தவர்களையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த அமர்விலே, ஒரே வாசகத்தில், மூன்று சபைகளும் ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஒப்பந்தத்தையும் சுற்றாடல் அறிக்கையையும் தமிழிலே கேட்டு வாங்கி, ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் வையுங்கள். தீவுக்கொரு மின்பாவனையாளர் குழுவும், மூன்றுக்கும் பொதுவான ஒரு கூட்டுக் குழுவும் அமையுங்கள். ஒப்பந்தக்காரர் போன பின்பு யார் பராமரிப்பார், பற்றரி தேய்ந்த பின்பு யார் மாற்றுவார், பழைய பற்றரி எங்கே போகும் என்று மின்சார சபையிடமும் வலு அதிகார சபையிடமும் எழுத்திலே பதில் கேளுங்கள்.

அவற்றோடு, செலவில்லாத ஒரு காரியமும் உண்டு. ஒவ்வொரு தீவின் இறங்குதுறையிலும் ஒரு கரும்பலகை வையுங்கள். நேற்றுக் காற்று எத்தனை அலகு தந்தது, வெயில் எத்தனை தந்தது, டீசல் எத்தனை லீற்றர் எரிந்தது என்று மூன்று வரி. ஒவ்வொரு நாட் காலையும், முதல் வள்ளம் புறப்படுமுன், மின்நிலையத்து ஊழியர் ஒருவர் எழுதட்டும். வள்ளத்துக்குக் காத்து நிற்கிற சனம் அதைப் படிக்கும். டீசல் வரி ஏறினால் ஏன் என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுவதற்கென்று மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, முதற் கூட்டத்தின் திகதியை இன்றைக்கே, இந்த மண்டபத்தை விட்டுப் போகுமுன், தலைவர் அவர்கள் அறிவிக்க வேண்டுமென்று கேட்டு அமர்கிறேன்.